வழக்கமான சாவு போக

ஏப்ரல் புயல் ஓய்ந்த ஒன்பதாம் நாள்
ஆர்லன் பெக்கெடால் கவுண்டி அலுவலகத்துக்கு வந்தார்
கையில் ஒரு காப்பி டப்பா.
என் மேசையில் கவிழ்த்தார்.
சில்லறை கொட்டிய சத்தம்.
மஞ்சள் காதுத் தகடுகள்,
சிலவற்றில் இன்னும் மயிர்.

எண்ணினேன். நாற்பத்தொன்று.
உதடு அசையாமல் அவரும் எண்ணினார்.

படிவத்தில் நான்காம் பகுதி:
இறந்ததை நேரில் கண்ட,
உறவல்லாத ஒருவரின் கையெழுத்து.
"டோரத்தி பார்த்தாள்" என்றார்.
மனைவி செல்லாது.
"நாய்?"
சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

வடக்கு டகோட்டாவின் இந்த மூலையில்
ஆறு மைல் சுற்றிலும் அவருக்கு உறவல்லாதவர் ஒருவர்தான்.
தெற்கெல்லை லாவெர்ன் ஷ்வெய்கர்ட்.
வேலி நாலடி இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று
கோர்ட்டு வரை போனவர்கள்.
பதினோரு வருஷமாகப் பேச்சில்லை.
சாவு வீட்டுக்கு ஒருவர் வந்தால்
மற்றவர் முடியும்வரை ட்ரக்கிலேயே இருப்பார்.

விதியை மறுபடி வாசித்துக் காட்டினேன்.
என் வேலை அது.

திங்கட்கிழமை இரண்டு ட்ரக்குகள் வந்தன.
லாவெர்ன் உட்காரவில்லை.
"நாற்பத்து மூன்று" என்றார்
என்னைப் பார்த்து, என்னை மட்டும் பார்த்து.
சட்டைப் பையிலிருந்து இரண்டு தகடுகள் எடுத்து வைத்தார்.

"வடகாற்று. மாடு காற்றுக்கு முதுகைக் கொடுத்துத்தான் நடக்கும்.
வேலி பனிக்குள் போய்விட்டது.
மேலே ஏறி நடந்து வந்து
என் கொட்டகைச் சுவரோடு நின்றன.
ஒன்று நின்றபடியே போயிருந்தது.
இன்னொன்றுக்கு மூச்சு இருந்தது.
குளியல் தொட்டியில் வெந்நீர் விட்டுக் கிடத்தினோம்.
விடிகாலை நாலு மணி வரை
தலையை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்."

ஆர்லனின் காது சிவந்தது.
வெளியே யாரோ உப்புத் தூவும் வண்டியைப்
பின்னால் எடுத்தார்கள், அது கூவியது.

இனி சொல்லியாக வேண்டிய வரி:
புயலே வராவிட்டாலும் ஆண்டுக்குச் சில கன்றுகள் சாகும்,
அதற்கு வழக்கமான சாவு என்று பெயர்,
அதைக் கழித்துத்தான் பணம்.
நாற்பத்து மூன்றில் மூன்று.

"எந்த மூன்று?" என்றார் ஆர்லன்.

இருபது வருஷம் இந்த நாற்காலியில் இருக்கிறேன்.
எந்த மூன்று என்று யாரும் கேட்டதில்லை.
படிவத்துக்கு எண்தான் வேண்டும், எவை என்று வேண்டாம்
என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவர் குவியலைத் தொடவில்லை.
தனியாக வைத்த இரண்டில்
எது தொட்டிக் கன்று என்று கேட்டார்,
யாரிடம் என்றில்லாமல்.
லாவெர்ன் விரலால் ஒன்றைத் தள்ளினார். 217.
ஆர்லன் அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.
"முதலில் இதைக் கழியுங்கள்.
மீதி இரண்டை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்."

கையெழுத்தானது.
தனித்தனியாகக் கிளம்பினார்கள்.

ஆகஸ்டில் பணம் வந்தது.
தீவனக் கடைக்காரன் எடுத்தது போக
இரண்டு டயருக்கு மிஞ்சியதாம்.
வேலி, பனி வடிந்ததும்,
பழைய இடத்திலேயே நிற்கிறது.
நாலடி நாலடிதான்.

ஒன்று மட்டும்.
அதே வாரம் லாவெர்னின் விண்ணப்பம் தபாலில் வந்தது.
கன்றுகள் பத்தொன்பது.
நான்காம் பகுதியில்
ஆர்லனின் கையெழுத்து,
பெரிய எழுத்து, கட்டத்தைத் தாண்டிப்
பக்கத்துக் கட்டத்துக்குள் போயிருந்தது.

அப்படி வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி.
முத்திரை குத்தி
உள்ளே வைத்தேன்.