பதினோரு நாள்

மாசி முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும்
ராயபுரத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி
மாதவரம் போவோம்.
அம்மா கையில் ஒயர் கூடை.
தம்பி கையில் ஒன்றுமில்லை,
திரும்பும்போது அவன் மடிதான் கூடை.

கஜபதி நர்சரியில் கஜபதி தண்ணீர் விடுவார், பேசமாட்டார்.
விற்பது அவர் மனைவி பூங்காவனம்.
மூத்த மகள் கணக்கு எழுதுவாள்,
இயற்பியல் நோட்டின் பின்பக்கத்தில்.
செம்மண் நனைகிற வாசனையில்
மீன் லாரி எங்கள் மூக்கைவிட்டு இறங்கிப்போகும்.

அந்த வருடம் பச்சை வலைக்கடியில்
ஊட்டியிலிருந்து வந்த ஆறு தொட்டிகள்.
இலையே தெரியாமல் பூ.
அம்மாவின் கல்யாணப் பட்டிலும் இல்லாத சிவப்பு.
‘அசேலியா’ என்றாள் மகள்.
‘அசலா, டூப்ளிகேட்டா?’ என்றான் தம்பி.

‘வேணாம்மா. குளிர்ல பொறந்தது, இங்க நிக்காது.
செம்பருத்தி எட்த்துக்கினு போ.’
கஜபதியின் குரலை அன்றுதான் கேட்டோம்.
தொண்ணூறு ரூபாய்.
அம்மா பேரம் பேசவில்லை.

மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில்
ஈரச்சாக்கு சுற்றி வைத்தோம்.
‘பைத்தியக்காரத்தனம்’ என்ற அப்பாதான்
காசிமேட்டு ஐஸ் கம்பெனியிலிருந்து
டிபன் பாக்ஸில் தினமும்
மீனுக்கு உடைத்த ஐஸ் கொண்டுவந்தார்.

பதினோரு நாள் இருந்தது.

அடுத்த மாசியில் கஜபதி குழாயை மடக்கிப் பிடித்து,
‘அது எப்டி கீதும்மா?’
அம்மா இமைக்கவில்லை.
‘நல்லாருக்கு. ரெண்டு கிளை விட்டிருக்கு.’
வாய் திறந்த தம்பியின் காலை மிதித்தேன்.
அவர் மண்புழு உரம் ஒரு பொட்டலம் கட்டி
‘அதுக்குப் போடு’ என்றார். காசு வாங்கவில்லை.

அதன்பின் வருடாவருடம்
அதே கேள்வி, இன்னொரு கிளை, ஒரு பொட்டலம்.
அந்த உரத்தில் எங்கள் காகிதப்பூ கொழுத்து
ஜெசிந்தா அக்காவின் துணிக்கொடி வரை போய்
சண்டையே வந்தது.

ஒருமுறை பில் போடும்போது பூங்காவனம் சொன்னார்:
‘மீதி அஞ்சும் இங்கயே ஒரு வாரத்துல பூடுச்சு.
ராயபுரத்துல ஒண்ணு தங்கிச்சுன்னு
வர்றவங்க எல்லார்கிட்டயும்
சொல்லிக்கினே கீது எங்க ஆளு.’

பேருந்தில் அம்மா பேசவில்லை.
மடியில் ஒரு முல்லை, இரண்டு குரோட்டன்ஸ்,
பொட்டலம்.
மூலக்கடை தாண்டியதும்
‘போனவுடனே தண்ணி விடணும்’ என்றாள்.
எதற்கென்று
நாங்கள் யாரும் கேட்கவில்லை.