கேள்வி ஏழு

மல்லாவி ஆஸ்பத்திரியில்
மருந்தறைக்குப் பின்னால் எனக்கொரு மேசை தந்தார்கள்.
வலிப்புக்குப் புதுக் குளிசை. பதினெட்டு மாத ஆய்வு.
பழைய மருந்தோடு சேர்த்து
பாதிப்பேருக்கு அது, பாதிப்பேருக்கு வெறும் மாவு.
எது எவருக்கென்று எனக்கும் தெரியாது,
கொடுக்கிற டொக்டருக்கும் தெரியாது.

முதல் ஆறு கேள்வியும் இலகு.
வயது. எடை. கர்ப்பமா.
கடைசியாக எப்போது விழுந்தீர்கள்.
நாக்குக் கடிபட்டதா.
பார்த்தவர் யார்.

ஏழாவது:
உடம்பில் உலோகம் ஏதும் உண்டா?

கொழும்பில் அச்சடித்த தாள்.
காந்த ஸ்கானுக்குள் போகிற தலையில்
இரும்பு இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.
உதாரணமும் போட்டிருந்தார்கள்:
இதயத்துக்கு வைக்கும் கருவி,
பல்லுக்குக் கட்டிய கம்பி.

துணுக்காயில் இருந்து வந்தவர் சிரித்தார்.
"உண்டோ எண்டு கேளாதேங்கோ பிள்ளை,
எந்த இடத்தில எண்டு கேளுங்கோ."

பாலிநகர்க்காரர் சேட்டைத் தூக்கினார்.
ஐயன்கன்குளத்து ஆசிரியை
என் விரலைப் பிடித்துத் தன் காதுக்குப் பின்னால் வைத்தார்.
நெல்மணி அளவு. நகர்ந்தது.

அறுபத்திரண்டு பேரில் நாற்பத்தொருவருக்குத்
தகுதியில்லை என்று எழுதினேன்.
வலிப்பு எதனால் வந்ததோ
அதனாலேயே வெளியே.

நவமலர் "இல்லை" என்றாள்,
நான் கேட்டு முடிக்குமுன்.
கிணற்றடியில் விழுந்து, அடுப்படியில் விழுந்து,
ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் விழுந்து
வேலையும் போனவள்.
நெற்றியோரத் தழும்பு
மாட்டுக் கொம்பாம்.

பேனையை மூடி வைத்தேன்.
அந்த மெஷின் என்ன செய்யும் என்று சொன்னேன்:
உள்ளே கிடக்கிற துண்டை அது கூப்பிடும்.
துண்டு எழும்பும்.

மேசை விளிம்பை நெடுநேரம் சுரண்டினாள்.
"பதினைஞ்சு வருசமா அது அசையேல்லை அக்கா.
கொம்பு எண்டே எழுதுங்கோவன்."

எழுதவில்லை.
எக்ஸ்ரே எடுத்தோம்.
இரண்டு இருந்தன.
ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்திருந்தது.

விழும் நாட்களைக் குறித்துவர
சேர்ந்தவர்களுக்கு ஆளுக்கொரு கொப்பி.
போகும்போது தனக்கும் ஒன்று கேட்டாள்.
கொடுத்தேன்.
இருப்புக் கணக்கில்
'நனைந்து பழுது' என்று எழுதினேன்.
அது ஆடி மாதம். மழையே இல்லை.

மாதத்தின் இரண்டாம் செவ்வாய்
இருபத்தொரு பேர் வரவேண்டும்.
இருபத்திரண்டு பேர் வருகிறார்கள்.
ஸ்கான் இல்லை, இலக்கம் இல்லை,
மாவுக் குளிசைகூட இல்லை அவளுக்கு.
கிளினிக்கில் பழைய மருந்தை வாங்கிக்கொண்டு
என் மேசைக்கு வந்து கொப்பியை விரிக்கிறாள்.

மூன்றாம் திகதி. அரிசி களையும்போது.
நாக்குக் கடிபடவில்லை. பார்த்தது மகன்.

ஒன்பதாம் திகதி. வயல் வரம்பில்.
பார்த்தவர் இல்லை.
வாயில் மண் இருந்தது.

கொழும்புக்குப் போகிற கட்டில்
இதற்கு இடமில்லை. அவளுக்கும் அது தெரியும்.
மற்றவர்களுடையதைப் போலவே
ஒவ்வொரு வரியாய் விரல் வைத்து வாசித்து
கீழே திகதி போட்டு ஒப்பம் வைக்கிறேன்.

கொப்பி முடிய
இன்னும் பதினொரு பக்கம்.