ஐம்பது கொப்பி, இரண்டு பக்கமும்

கஸ்தூரியார் வீதியில் என் கடை. எட்டுக்குப் பத்தடி.
ஒரு மெஷின், ஒரு லமினேற்றர்,
மூன்றேகாலில் நின்றுபோன ஒரு மணிக்கூடு.

ரியூசன் மாஸ்ரர் அருட்பிரகாசம் தந்துவிட்டுப் போன
அகராதித் தாள்.
ஐம்பது கொப்பி, இரண்டு பக்கமும்.
பதினேழாவதில் கரண்ட் போனது.
வேறு வேலையில்லாமல் வாசித்தேன்.
தாள் முழுக்க ஒரே சொல்:
பாஸ்.

சோதனையில் பாஸ்.
பந்தைப் பாஸ் பண்ணு.
குருநகர் மைதானத்தில் என்னைப் பார்த்து
ஊரே கத்தியது அதைத்தான்;
நான் ஒருநாளும் குடுத்ததில்லை.
இரண்டு மலைக்கு நடுவே கிடக்கும் வழியும் பாஸ்.
எங்களுக்கு மலையில்லை.
உப்புத்தரவையில் ஆனை கடந்த இடத்துக்கு
அந்தப் பேரைக் குடுத்திருக்கினம்.

தாளில் இல்லாததும் எனக்குத் தெரியும்.
கிளாலிக் கடல் தாண்ட ஒரு பாஸ்,
அண்ணையைப் பிணை வைத்து வாங்கினது.
வவுனியாவில் இரவு படுக்க இன்னொன்று.
அந்தப் பிணையைச் சொல்லிக் காட்டியே அண்ணை
என் கலியாணத்தில் இரண்டு பந்தி சாப்பிட்டார்.

கடைசி வரி பொடி எழுத்து.
ரோர்ச் அடித்துப் பார்த்தேன்.
வேர் லத்தீனாம்:
காலை விரித்து வைக்கிற ஓர் அடி.
அப்படி ஆயிரம் வைத்தால் ஒரு மைல்.
முத்திரையில்லை, கையொப்பமில்லை.
ஓர் அடி. அவ்வளவுதான்.

பாஸ்கு இதற்குச் சொந்தமோ என்று தேடினேன்.
பெரிய வெள்ளிக்குச் சேவகன் வேஷம் கட்டினவன் நான்,
ஆசை இருக்காதா.
இல்லையாம். ஒலி ஒன்று, ஊர் வேறு.

அப்போது ஆனையிறவு?
இறத்தல் என்றால் கடத்தல் என்று
எப்போதோ பரீட்சைக்குப் பாடமாக்கியது
இருட்டில் திரும்பி வந்தது.
கடந்துபோனது இறந்த காலம்.
கடந்துபோனவர்
இறந்தவர்.
லத்தீனைக் கேளாமலே நாங்களும்
இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்திருக்கிறம்.

கரண்ட் வந்தது.
பதினெட்டாவது தாளின் கீழ் வெளிச்சம் ஓடி முடிய
ஒரு அம்மா வந்தா. பிளாஸ்ரிக் உறைக்குள் ஒரு பாஸ்.
தொண்ணூற்றேழாம் ஆண்டு. பொடியனின் கன்னத்தில் பாதி முத்திரை.
செல்லுபடியாகும் காலம்: ஒரு நாள்.

"பைலுக்குக் குடுக்க வேணும், தம்பி. இரண்டு கொப்பி."

மூடியை மூட விடவில்லை.
கண்ணாடியில் வைத்த பாஸின் ஓரத்தை
விரலால் பிடித்துக்கொண்டே நின்றா.
கொப்பியில் நாலு விரலும் விழுந்தன.
வேறு எடுத்துத் தரவா என்றேன்.
"கிடக்கட்டும்."

மீதிச் சில்லறை எண்ணும்போது வாய்தவறிக் கேட்டுவிட்டேன்:
"பொடியனுக்கு என்ன பேர் இருந்தது?"

"இருக்கு," என்றா.
"நிமலரூபன்."

கடைவாசல் கானுக்குப் போட்டிருந்த சிலாப்
போன மாரியில் உடைந்தது. இன்னும் போடவில்லை.
சேலை ஒரு கையில், உறை மற்றக் கையில்,
அம்மா ஒருகணம் நின்று தண்ணியைப் பார்த்தா.
பிறகு
காலை அகல விரித்து
வைத்தா.

மிச்சம் முப்பத்திரண்டு கொப்பி.