ஒன்பதரை மணித் தொடர்

கோரிப்பாளையத்தில் ஒன்பதரைக்குத்தான்
கல்லில் இடமிருக்காது.
தொடரும் அந்நேரம்தான்.
சோணைமுத்து ஒருநாளும் பார்த்ததில்லை.

ஒரு மணிக்கு வருவார்.
முழங்கைவரை எண்ணெய் மினுங்கும்.
வாளித் தண்ணீரில் கை விட்டபடியே கேட்பார்:
"இன்னைக்கு என்னாச்சு அந்தப் புள்ளைக்கு?"

அந்தப் புள்ளை பத்மாசனி.
நாவலில் அவளுக்கு இருபத்தொன்று,
வடக்காவணி மூல வீதியில் வீடு,
குடைக்குள் முகம், கோபம் மட்டும் வெளியே.
தொடரில் அவளுக்கு
மூன்று கொழுந்தன்மார், ஒரு மறதி நோய்,
தூங்கும்போதும் கலையாத மை.
எழுபத்தெட்டாம் பகுதியில்
அவளை வைகையில் தள்ளி
மூழ்கடித்தார்கள்.
வைகையில்!
கணுக்கால் நனையாத வைகையில்.

எனக்குப் பொறுக்கவில்லை.
பத்தாம் வகுப்பு லீவில்
சிம்மக்கல் நூலகத்தில் படித்தது,
அப்புறம் நாலு தடவை படித்தது,
அதை எடுத்துச் சொன்னேன்.
"இன்னைக்கு அவரு கடுதாசி குடுத்தாரு.
அவ பிரிக்கல."
"பிரிக்கலையா?"
"புடவ மடிப்புக்குள்ள வச்சிட்டா."
சோணைமுத்து சோறு பிசைவதை நிறுத்தினார்.
"ஒரு வார்த்தை படிச்சிருக்கலாம்ல."

எங்களுக்குள் கடிதமெல்லாம் கிடையாது.
பெண் பார்க்க வந்த அன்று
சட்னியில உப்பு சரியா இருக்கு என்றார்.
பதினாறு வருஷம் ஆகிறது.

அப்படியே நாற்பது இரவு.
டிவியில் விஷம், விபத்து, கோர்ட்டு.
எங்கள் வீட்டில் ஒரு கடிதம்
பிரிக்கப்படாமல் கிடந்தது.

பங்குனியில் ஒருநாள் தாமதமாக வந்தார்.
சால்னா வாளி தூக்கும் பையன்,
கல்லாவில் உட்காரும் முதலாளி சம்சாரம்,
சாப்பிட வந்த ரெண்டு டிராபிக் போலீஸ்,
அத்தனை பேரும் தொடரைத்தான் பேசினார்களாம்.
யார் தள்ளியது, யார் தூக்கியது,
எந்தக் கொழுந்தன் நல்லவன்.
மாவை வீசிக்கொண்டே கேட்டாராம்.

எனக்கு வயிறு கலங்கியது.
கழுவிய தட்டையே மறுபடி கழுவினேன்.

துண்டில் விரல் விரலாகத் துடைத்தார்.
"அங்கிட்டு எவளோ ஒருத்திக்கு
என்னமோ ஆயிருக்கு," என்றார்.
"அத விடு.
நம்மவ கடுதாசியப் பிரிச்சாளா?"

நேற்றோடு நாவல் முடிந்துவிட்டது.
சோழவந்தான் ஸ்டேஷன்,
நனைந்த சாக்கில் வெற்றிலைக் கட்டுகள்,
ஜன்னலோரம் அவன்.
ரயில் நகர்கிறது, பெஞ்சிலிருந்து
அவள் எழுந்திருக்கவில்லை.
அவ்வளவுதான், கீழே ஒரு கோடு.
அந்தக் கோட்டைத் தாண்டி எழுதியவர்களை
எப்படியெல்லாம் திட்டியிருக்கிறேன்.

இன்று ஒரு மணிக்கு
வாளியில் கை விட்டு,
தலையைத் திருப்பாமலே,
"ரயிலு?" என்றார்.

அடுப்பில் ரசம் கொதிக்க ஆரம்பித்திருந்தது.
இறக்கி வைத்தேன்.

"வாடிப்பட்டிகிட்ட நின்னுருச்சு," என்றேன்.
"சிக்னல் விழல."