உதடு ஒட்டாத சொல்

முத்தியால்பேட்டையில் பொத்தான் கடைக்கு மேல்மாடி.
மைக் இரண்டு, ஒன்று பழுது.
அதனால்தான் அவனும் நானும்
ஒரே மைக்கின் முன்னால், தோள் படாமல்,
ஆளுக்கொரு பக்கம் தலையைச் சாய்த்து நின்றோம்.
இரைச்சல் என்று ஏ.சி.யை அணைத்துவிட்டார் இன்பசாகரன்.
டிசம்பர் இருபத்துமூன்று. வெளியே மழை, உள்ளே வேர்வை,
திரையில் முழங்கால்வரை பனி.

படம் வேறென்ன.
ஒரு பெரிய கடை. பொம்மைப் பிரிவுக்கு அவள் மேனேஜர்,
கேக் பிரிவுக்கு அவன்.
ஒரே பதவி உயர்வுக்கு இருவரும் அடித்துக்கொள்கிறார்கள்.
கிறிஸ்துமஸுக்குள் காதலித்தாக வேண்டும்.
நாளை இரவு ஒன்பதுக்கு ஒளிபரப்பு.

எங்களுக்கும் பழைய கணக்கு உண்டு.
சிமென்ட் விளம்பரத்தை என்னைவிட
ஒன்றரை நொடி குறைவாகப் படித்துத்
தட்டிக்கொண்டு போனவன் அமலோற்பவநாதன்.
அவனுடைய ஆட்டோ பில்லில்
ஒரே நாளில் வில்லியனூர் இரண்டு முறை வந்ததை
முதலாளிக்குக் காட்டியவள் நான்.
மூன்று வருஷமாக வாங்க, போங்க என்று
உறைக்குள் கத்தி மாதிரி ஒரு மரியாதை.

"பனி பெய்யுது பார்" என்று எழுதியிருந்தேன்.
"பனி பெய்யாதுங்க, இறங்கும். மார்கழியில.
மப்ளர் கட்டினா தீர்ந்துது."
"இது நம்ம ஊர் இல்லைங்க."
"கேக்கிறவங்க நம்ம ஊருங்க."
இதற்கே முக்கால் மணி நேரம்.

கடைசி ரீல். அவன் மனசைத் திறக்கும் இடம்.
திரையில் அந்த மனிதனின் வாய்
இரண்டு நொடி அசைகிறது, எங்கேயும் மூடவில்லை.
நான் எழுதியது: "எனக்கு உன்மேல் அன்பு."
'மே'யில் ஒட்டுகிறது, 'பு'வில் ஒட்டுகிறது.
"உன்னைப் பிடிச்சிருக்கு." ஒட்டுகிறது.
பிரியம், விருப்பம், மோகம்,
போகட்டும் என்று பார்த்தால்
வெறுப்பு, வம்பு, போட்டி, பொறாமைகூட.
தமிழில் இரண்டு மனுஷர் நடுவே நடப்பது எதற்கும்
உதட்டை ஒரு தரமாவது மூடித்தான் ஆக வேண்டுமா
என்று எரிச்சலாய்
அடித்து அடித்துத் தாள் கிழிந்தது.

கேட்காமலே என் பேனாவை வாங்கினான்.
காதல், என்று எழுதினான்.
தேய்ந்த சொல், எல்லோரும் போடுகிற சொல்
என்று நான் ஒதுக்கி வைத்தது.
"சொல்லிப் பாருங்க. எங்கேயும் ஒட்டாது."

சொல்லிப் பார்த்தேன்.
தடுப்புக் கண்ணாடியில்
என் வாய் திறந்தபடியே இருந்தது.

"உன்னைக் காதலிக்கிறேன்" என்றான், மைக்கைப் பார்த்து.
ஒரே டேக்.
தகரத்தில் விழுந்த மழையோடு சேர்த்து
ஓகே என்றார் இன்பசாகரன்.

முத்தத்துக்கு
அவரவர் புறங்கையை அவரவர் முத்தமிட்டோம்.
தொழில் அப்படி.
என் கை உப்புக் கரித்தது.

அவள் பதிலுக்கு ஒன்றும் பேசுவதில்லை.
உதடு மட்டும் மூடுகிறது.
"ஒரு 'ம்' போதும்மா" என்றார் இன்பசாகரன்.
அந்த ஓர் எழுத்துக்கு ஒன்பது டேக்.
ஒன்று கதை கேட்கிற 'ம்'.
ஒன்று கடன்காரனுக்குச் சொல்கிற 'ம்'.
ஒன்றில் தும்மினேன்.
கரண்ட் போய்க் கரண்ட் வந்தது.
ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவன் கேட்டான்:
"அஜந்தா சிக்னல்கிட்ட டீக்கடை இன்னும் மூடியிருக்காது.
போலாமா?"
"ம்" என்றேன்.

மைக் திறந்திருந்தது
எனக்குத் தெரியாது.

மறுநாள் இரவு ஒன்பதேமுக்கால்.
நகைக்கடை விளம்பரம் முடிந்து,
பனி இறங்கி, அவன் சொல்லி முடிக்க,
அவள் உதடு மூடுகையில்
என் வீட்டு டிவியிலிருந்து வந்தது
டீக்கு நான் சொன்ன 'ம்'.
மேல்வீட்டு டிவியிலும் அதுவே,
அரை நொடி தாமதமாக.

போன் அடித்தது.
பின்னால் பாதிரி மைக் சோதிக்கிற சத்தம்,
பூசைக்குக் கிளம்பி நிற்கிறான்.
"அது டீக்குத்தானேங்க?"

ஆமாம் என்றால் இரண்டு இடத்தில் ஒட்டும்.

"இல்லை" என்றேன்.