தேங்காய் மணக்கும் முள்

அவலாஞ்சிச் சரிவு. காலை எட்டரை.
உறைபனி இன்னும் புல்லை விடவில்லை.
ஆளுக்கொரு மண்வெட்டி, ஒரு ஜோடி கையுறை.
எனக்கு வந்ததில் இரண்டுமே இடது கை.
கோப்பில் அதன் பெயர் கார்ஸ்.
எங்கள் வாயில் சீமை முள்.

வேரோடு வராது.
வந்தாலும் விதை முப்பது வருஷம்
மண்ணுக்குள் விழித்தே கிடக்கும் என்கிறார் வனக்காவலர் ஜோகி,
தனக்குப் பென்ஷன் வாங்கித் தரப்போவதே அதுதான் என்கிற மாதிரி.

"சீமை எப்படிடீ இருந்துச்சு?"
தங்கபுஷ்பம் அக்கா.
திரும்பி வந்த மூன்று வாரத்தில் பதினாலாவது தடவை.

ஏழு வாரப் பயிற்சி,
இரவல் வாங்கிய கம்பளிக் கோட்டு.
என்னத்தைச் சொல்ல?

பஸ்ஸை விட்டு இறங்குகிற ஒவ்வொருவரும்
டிரைவருக்கு நன்றி சொல்கிறார்கள், அக்கா.
முதல் நாள், தெரிந்தவராக்கும் என்று நினைத்தேன்.
ஊர் வந்த அன்று எமரால்டில் இறங்கி நானும் சொன்னேன்.
"என்னம்மா, சில்லறை பாக்கியா?" என்றார்.

ராத்திரி பத்தரைக்கும் வெளிச்சம்.
படுக்கவா உலை வைக்கவா என்று தெரியாமல்
ஜன்னலோரம் நின்றேன்.
வெளியே ஒரு செம்மறியும்
அதே யோசனையில் நின்றது.

மலையா? நம் மலை மாதிரிதான், உச்சி வழுக்கை.
ஆனால் மடிப்புகளில் சோலை இல்லை.
அந்த மடிப்புகளையே பார்த்தேன்,
பல் விழுந்த வாயைப் பார்க்கிற மாதிரி.
எங்கே போச்சு என்று கேட்டால்
வீட்டுக்காரி மோராக் விரல் மடக்கினாள்:
கப்பலுக்கு, கரிக்கு, ஆட்டுக்கு.
பிறகு அதே ஆட்டுக்காக ஆட்களையும் துரத்தினார்களாம்.
அவர்கள் எங்கே போனார்கள்?
"எங்கெங்கோ. உங்கள் மலைக்குக்கூட வந்திருப்பார்கள், துரையாக."
நான் டீயைக் குடித்தேன்.
கழுவின தண்ணி மாதிரி இருந்தது.

இங்கிலாந்தில் நாலே நாள்.
வாரி முடிந்த தலை மாதிரி வயல்கள். வேலிகூடச் செடிதான்.
யாரோ ஒருவரின் கோதுமைக்கு நடுவே
ஊருக்கே சொந்தமாய் ஒற்றையடிப் பாதை.
படலைத் திற, நட, மறக்காமல் சாத்து.
அவ்வளவுதான் சட்டம்.
ஒரு கிழவர் நாயோடு எதிரே வந்தார்.
எங்கே போறீங்க என்றேன். சும்மா என்றார்.
எங்கப்பா கொழுந்து மூட்டை சுமந்த எஸ்டேட்டில்
சும்மா நடந்தால் வாட்ச்மேன் விசில் அடிப்பார்.
கப்பலேறின துரைமார்
அந்தப் பாதையை மட்டும் மூட்டை கட்ட மறந்துவிட்டார்கள்.

அப்புறம் அக்கா, ஒருநாள்
கடலுக்கு மேலே ஒரு மேடு ஏறினோம்.
காற்றில் தேங்காய் வாசம்.
என் தலைதானோ என்று பின்னலை இழுத்து மோந்தேன்.
இல்லை.
மேடு முழுக்க மஞ்சள். சீமை முள்!
என் கை தானாக மண்வெட்டியைத் தேடியது.
உள்ளே ஒரு குருவி கூடு கட்டியிருந்தது.
இது பூக்காத மாதம் முத்தத்துக்கு ஆகாத மாதம்
என்று அங்கே சொலவடையாம்.

(இதற்கு ஜோகி இருமினார்.)

மறுநாள் எங்களைப் பிடுங்கச் சொன்ன செடி வேறு.
ஊதாப் பூ, தோல் மாதிரித் தடித்த இலை.
பார்த்ததும் தெரிந்துவிட்டது,
நம் காட்டுப் பூவரசின் ஒன்றுவிட்ட தங்கை.
ஆற்றோரமெல்லாம் அதுதான்,
அடியில் ஒரு புல் முளைக்கவில்லை.
மோராக் ரம்பத்தை என்னிடம் நீட்டினாள்.
அறுத்தேன்.
தோளில் தோள் உரசினாலே சாரி கேட்கிற ஊர் அது.
யாருக்கும் கேட்காமல் நானும் ஒரு சாரி சொன்னேன்,
தமிழ் உச்சரிப்பில்.

"இந்த முள்ளுக்கு என்னைக்காவது சொல்லியிருக்கியா?"

இல்லை.

தங்கபுஷ்பம் அக்கா மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு
ஒரு கிளையை வளைத்து மூக்கருகே கொண்டுபோனாள்.
முள் குத்தியது, விடவில்லை.
"அட, ஆமாண்டி!
இத்தனை வருஷமா
எவளோ சட்னி கொண்டாந்திருக்கான்னு நெனச்சேன்."

பாறைக்கு அந்தப் பக்கம் இன்னும் நாலு ஏக்கர்
என்று ஜோகி விசில் அடித்தார்.