பக்கம் புரட்டுகிறவன்

ஸொங்குல்டாக்கில் அந்தக் குளிர்காலம் முழுக்க
எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்குக் குரல் இல்லை.
கோல் விழுந்தால் தலையணையைக் கடித்துக்கொள்வேன்.
நுர்ஷென் அக்காவுக்கு ஜூனில் பரீட்சை.

அப்பா சுரங்கத்திலிருந்து வந்ததும்
பூட்ஸைப் படிக்கட்டிலேயே கழற்றி
கையில் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைவார்,
சொந்த வீட்டில் திருட வந்தவர்போல.
குக்கர் பரண் ஏறிவிட்டது,
விசில் அடித்த குற்றத்துக்காக.

ஞாயிறுதோறும் டோர்ட்முண்டிலிருந்து சித்தப்பா:
"டாக்டரம்மா என்ன செய்கிறாள்?"
டாக்டரம்மா இன்னும் சிறுநீரகத்தைத் தாண்டவில்லை.
ஷெரிஃபே அத்தை ஒரு நீலக் கண் மணியை
மேசை விளக்கின் கழுத்தில் கட்டிவிட்டுப் போனாள்,
யார் கண்ணும் படாதிருக்க.
பட்டுக்கொண்டேதான் இருந்தன
எல்லார் கண்ணும்.

இரவு பத்துக்கு மேல் அம்மா கூடத்தில் ஸ்வெட்டர் பின்னுவாள்.
கை கம்பளியில், காது எங்கள் கதவில்.
பக்கம் புரளும் சத்தம் வந்தால் ஊசிகள் ஓடும்.
வராவிட்டால் நிற்கும்.
ஊசி நின்றால்
தேநீர் வரும்.

டிசம்பரில் ஒருநாள்
அக்கா புத்தகத்தின்மேலேயே கவிழ்ந்துவிட்டாள்.
திறந்த பேனா கன்னத்தில் ஒரு புதிய நதி வரைந்திருந்தது.
வெளியே ஊசி நின்றது.
கரண்டி கண்ணாடிக் குவளையில் மோதியது.
நான் கட்டிலிலிருந்து கையை நீட்டி
ஒரு பக்கத்தைப் புரட்டினேன்.

ஊசி ஓடியது.

மறுநாளே பேரம் பேசிக்கொண்டோம்:
மணிக்கு இரண்டு சிமிட் கேட்டேன்,
ஒன்றரைக்கு மேல் அவள் அசையவில்லை.
அரை சிமிட்டை எப்படித் தருவாய் என்றால்
மீதியைத் தின்றுவிட்டுத் தருவேன் என்றாள்.

வேதியியல் என்றால் மெதுவாகப் புரட்ட வேண்டும்.
வரலாற்றில் கொஞ்சம் வேகம்.
நடுநடுவே ஒரு பெருமூச்சு, அவளுடையதைப் போலவே.
பென்சிலைக் கீழே போட்டுக் குனிந்து எடுப்பதை
நானாகச் சேர்த்துக்கொண்டேன்,
அதற்குத் தனிக் காசு கிடையாது.
பன்னிரண்டு வயதில் எனக்குத்
தவளையின் இதயத்தில் எத்தனை அறை என்று தெரியும்.
அவள் தூங்கும்போது மட்டும்
அவளுடைய தோள்கள் காதிலிருந்து இறங்கும் என்பதும்.

பிப்ரவரியில் பனி கொட்டிய ஓர் இரவு
நானும் தூங்கிப்போனேன்.
விழித்தபோது
பக்கம் புரண்டுகொண்டிருந்தது.

அம்மா.
என் நாற்காலியில்.
மூக்குக்கண்ணாடி நெற்றிமேல்,
நாக்கில் தொட்ட விரல், ஒவ்வொரு பக்கத்துக்கும்.
அக்காவின் முதுகில் ஒற்றைக் கை முளைத்த ஸ்வெட்டர்,
தொங்கும் ஊசிகளோடு.
சுவருக்கு அப்பால் அப்பா இருமினார்.
அம்மா ஒரு பக்கம் புரட்டினாள்.
இருமல் அடங்கியது.

யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.
காலையில் ரொட்டியில் தேன் தடவிக்கொண்டே
என்னிடம் மட்டும் சொன்னாள்:
"ரொம்ப வேகமாகப் புரட்டுகிறாய்.
யாரும் அப்படிப் படிப்பதில்லை."

அக்கா டாக்டராகவில்லை.
எஸ்கிஷெஹிரில் பாறைகளைத் தட்டிப் பார்க்கிறாள்.
சித்தப்பா இரண்டு மாதம் அழைக்கவே இல்லை,
பிறகு அழைத்தார்,
பிறகு என்னைக் கேட்க ஆரம்பித்தார்.

இது என் வருடம்.
மணி ஒன்றரை. கண்ணுக்குள் மணல்.
கூடத்தில் ஊசி நின்று எவ்வளவு நேரமாயிற்றோ.
போன் அதிர்கிறது.
"ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வை," என்கிறாள் அக்கா,
"வைத்துவிட்டுப் படு."
கூலி என்ன என்றேன்.
"படுடா."

விளக்கை அணைக்கவில்லை.
போர்வைக்குள் கேட்கிறேன்,
எத்தனையோ மலைகளுக்கு அப்பால்
ஒரு பக்கம் புரள்கிறது, நிதானமாக,
இன்னொன்று.
பென்சில் ஒன்று விழுகிறது.
பிறகு ஒரு பெருமூச்சு,
என்னுடையதைப் போலவே.